பித்தப்பைக் கல்லும் கடலைப் பொட்டலமும்

என் வயிற்றில் நான்கு சின்னத் தழும்புகள் இருக்கின்றன. பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் விதவிதமாகக் கதை விட்டாயிற்று. மாடி வீட்டுக்காரரிடம், பித்தப்பையில் கல் இருந்தது, பையோடு எடுத்துவிட்டார்கள் என்றேன். ஆபீஸில், மயக்க ஊசி போட்ட பிறகும் நான் ஜோக் சொல்லி டாக்டர்களைச் சிரிக்க வைத்தேன் என்று அளந்தேன். முதல் கதை பாதி உண்மை. இரண்டாவது முழுப் பொய். சொல்லாமல் விட்டது, அந்த வாரம் முழுக்க நான் பயந்து செத்ததை. அதைத்தான் இப்போது எழுதுகிறேன். நான் உட்கார்ந்திருந்த மாதிரியே யாராவது ஒருவர் எந்த ஆஸ்பத்திரி பெஞ்சிலாவது ஒரு ரிப்போர்ட்டுக்காக உட்கார்ந்திருக்கலாம். அவருக்குத் துணையாக இருக்கட்டும். குறைந்தபட்சம், தன்னைவிடப் பெரிய கோழை ஒருவன் இருந்தான் என்ற ஆறுதலாவது கிடைக்கும்.

முதலில் என் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் என் முட்டாள்தனத்தின் முழு உயரம் தெரியாது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மருந்து ஆராய்ச்சிக் கம்பெனியில் வேதியியல் பிரிவில் இருக்கிறேன். ஹெச்.ஐ.வி. கிருமிக்கு எதிராகப் புதுப் புது மூலக்கூறுகளை வடிவமைப்பது எங்கள் வேலை. அந்தக் கிருமிக்குள் ஒரு கூடு இருக்கிறது. கேப்சிட் என்பார்கள். கடற்கரையில் வேர்க்கடலை மடித்துக் கொடுக்கும் பொட்டலம் மாதிரி இருக்கும், ஒரு முனை அகலம், மறுமுனை கூர். உள்ளே கடலைக்குப் பதிலாகக் கிருமியின் ஜாதகம், அதாவது அதன் மரபுப் பொருள். ஒரே புரதத்தின் ஆயிரத்துக்கு மேற்பட்ட துண்டுகள் ஒன்றோடொன்று கைகோத்து அந்தப் பொட்டலத்தைச் சுருட்டுகின்றன. பொட்டலம் நம் செல்லுக்குள் போய்ச் சரியான இடத்தில் பிரிய வேண்டும். வழியிலேயே பிரிந்தால் கடலை கொட்டிப் போச்சு. இறுகிப்போய்ப் பிரியாமலே கிடந்தாலும் வியாபாரம் போச்சு.

அந்தத் துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே ஒரு சின்னப் பள்ளம் உண்டு. அதில் கச்சிதமாகப் போய் உட்காரும் மூலக்கூறு ஒன்றைச் செய்துவிட்டால் பொட்டலத்தின் கணக்கே தப்பிவிடும். அப்படி ஒரு மருந்து ஏற்கெனவே வந்துவிட்டது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஊசி. ஆனால் கிருமி சும்மா இருக்குமா? பள்ளத்தின் உருவத்தை மெல்ல மாற்றும். மாறிய பள்ளத்திலும் உட்காருகிற அடுத்த மூலக்கூறு வேண்டும். அதைத்தான் நாங்கள் கம்ப்யூட்டர் திரையில் வரைந்து, குடுவையில் காய்ச்சி, சோதித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். நாற்பத்தாறு செய்து நாற்பத்தாறும் ஊத்திக்கொண்டு, நாற்பத்தேழாவது அடுப்பில் இருந்தது.

எங்களிடம் உயிருள்ள கிருமி கிடையாது. கூட்டின் புரதத்தை மட்டும் பாக்டீரியாவில் வளர்த்து எடுப்போம். அதனால் யாருக்கும் எந்த நோயும் வராது. வளர்க்கிறவன் பாபு. அண்ணனூர்க்காரன், பிறந்ததிலிருந்தே அங்கேதான். மின்சார ரயிலின் ஹாரனைக் கேட்டே மணி சொல்லுவான். எங்கள் மூலக்கூறுகள் மனித ரத்தத்தில் எப்படி நடந்துகொள்கின்றன என்று பார்க்க அவ்வப்போது புது ரத்தம் தேவைப்படும். ஒழுங்காக அனுமதி வாங்கி, கையெழுத்துப் போட்டு, நாங்களே ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்துக்கொள்வோம். எடுப்பது பாபு. வலியே தெரியாது. இந்தத் திறமைதான் பின்னால் எனக்கு வினையாயிற்று.

திங்கட்கிழமை மத்தியானம் வலது விலாவுக்குக் கீழே யாரோ ஸ்குரூ டிரைவரை வைத்துத் திருகினார்கள். கேஸ் என்று நினைத்து ஒரு சோடா குடித்தேன். பிறகு இன்னொன்று. மூன்றாவது சோடாவில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் மனைவி சுமதி அதே எஸ்டேட்டில் ஒரு ஆயத்த ஆடை யூனிட்டில் தரம் பார்க்கிறவள். அவள்தான் ஓடி வந்து, பூந்தமல்லிக்குப் போகிற வழியில் இருக்கும் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். ஸ்கேனில் பித்தப்பைக்குள் ஏழு கற்கள். பை வீங்கிச் சீழ் பிடிக்கும் நிலைமை. மருந்து ஏற்றி வீக்கத்தை இறக்கி, வெள்ளிக்கிழமை ஆபரேஷன் என்றார்கள். நான் உடனே, "ஏழு கல்லுன்னா மூக்குத்திக்கு ஆச்சு, சுமதி," என்றேன். அவள் சிரிக்கவில்லை. அவள் சிரிக்காததுதான் எனக்கு முதல் பயம்.

செவ்வாய்க்கிழமை காலை டாக்டரம்மா வந்தார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பேசுகிற, சிடுசிடுப்பில்லாத அம்மா. சுமதியிடம், "கீழ ஃபார்மசில இதை மட்டும் வாங்கிட்டு வந்துடறீங்களாம்மா?" என்று ஒரு சீட்டைக் கொடுத்தார். அவள் போனதும் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்தார். எட்டாவது கல் கிடைத்திருக்கும் போல என்று நினைத்தேன்.

"ஆபரேஷனுக்கு முன்னாடி சில ரத்த டெஸ்ட் எடுப்போம், நீங்க சம்மதம்னு கையெழுத்துப் போட்டீங்க. அதுல ஹெச்.ஐ.வி. ஸ்கிரீனிங் ரியாக்டிவ்னு வந்திருக்கு."

ஒரு மனிதன் இந்த இடத்தில் என்ன சொல்ல வேண்டும்? கடவுளே என்றாவது சொல்லலாம். நான், "எத்தனாவது ஜெனரேஷன் கிட் டாக்டர்?" என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். "நாலாவது. அது ரெண்டு விஷயத்தைத் தேடும். ஒண்ணு, கிருமியை எதிர்த்து உங்க உடம்பு செஞ்ச ஆன்டிபாடி. இன்னொண்ணு..."

"பி இருபத்துநாலு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கேப்சிட் புரதத்தோட இன்னொரு பேரு. நாங்க அதை லிட்டர் கணக்குல எடுக்கறோம்."

ஃபைலைத் திருப்பிப் பார்த்தார். தொழில் என்ற இடத்தில் கெமிஸ்ட் என்று இருந்தது. மருந்துக்கடை வைத்திருக்கிறேன் என்று இத்தனை நேரம் நினைத்திருக்கிறார்.

"அப்ப உங்களுக்குச் சுலபமாப் புரியும். இந்த டெஸ்ட் வாசல்ல நிக்கற வாட்ச்மேன் மாதிரி. சந்தேகம் வந்தா நிறுத்துவான். அவன் நிறுத்தின ஆளெல்லாம் திருடன் இல்ல. ரெண்டு டெஸ்ட் வெளிய அனுப்பறேன். ஒண்ணு, எந்தெந்த ஆன்டிபாடி இருக்குன்னு பட்டை பட்டையாப் பிரிச்சுக் காட்டும். இன்னொண்ணு, கிருமியோட மரபுப் பொருள் ரத்தத்துல இருக்கான்னு நேராவே தேடும். வெள்ளிக்கிழமை காலைல ரெண்டும் வந்துடும். ஆபரேஷன் இதுக்காக நிக்காது. அதுவரைக்கும் எதையும் முடிவு பண்ணிக்காதீங்க. வீட்ல சொல்றது உங்க இஷ்டம். சொன்னா நல்லது."

எல்லாம் புரிந்தது. இது நான் மேடையேறிப் படம் போட்டு விளக்குகிற விஷயம். ஆனால் அந்த அறிவெல்லாம் தலையில் இருந்தது, பயம் முழங்காலில் இருந்தது. இரண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. எங்கிருந்து வந்திருக்கும்? பதினொரு வருடத்துக்கு முன்னால் வேலப்பன்சாவடி அருகே பைக்கிலிருந்து விழுந்தபோது இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். ரத்த வங்கியில் சோதிக்காமல் கொடுக்கமாட்டார்கள் என்று தெரியும். தெரிந்தும், அந்தப் பாட்டில்களை ஒவ்வொன்றாக மனசுக்குள் தொங்கவிட்டுப் பார்த்தேன். பல் பிடுங்கிய இடம், ஷேவ் செய்த கடை, எல்லாம் வரிசையில் வந்து நின்றன. கடைசியில் வந்து நின்றது சுமதி. பதினொரு வருடம் என்றால், அவளுக்கும்.

சுமதி மருந்தோடு வந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆபரேஷனுக்கா இப்படிப் பயப்படறீங்க? நாலு ஓட்டைதாங்க போடுவாங்க," என்றாள். ஆஸ்பத்திரி கவுனில் முதுகுப்பக்க நாடா பிய்ந்திருந்ததைப் பார்த்து, கைப்பையிலிருந்து ஊசி நூலை எடுத்தாள். அவள் பையில் ஊசி, நூல், அளவு டேப், சின்ன ஸ்டீல் ஸ்கேல் எப்போதும் இருக்கும். கல்யாண வீட்டுக்குப் போனாலும் இருக்கும். தைக்கும்போது ஊசி விரலில் குத்தியது. ஒரு சொட்டு ரத்தம். அதை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டாள்.

"வாயில வைக்காதே!" என்று கத்தினேன். அடுத்த கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்தார்.

"என் ரத்தம்தானே, என்ன இப்போ?" என்றாள்.

அன்று ராத்திரி தூங்க முடியவில்லை.

புதன்கிழமை காலை, ஸ்கேன் அறைக்கு வெளியே ஒரு பெஞ்சில் உட்காரவைத்தார்கள். பக்கத்தில் நாற்பது நாற்பத்தைந்து வயதுள்ள ஓர் அம்மா. பெயர் மல்லிகா, வீடு நசரத்பேட்டை, வேலப்பன்சாவடியில் ஒரு காலேஜ் ஹாஸ்டலில் சமையல். அவருக்கும் பித்தப்பைக் கல், அவருக்கும் வெள்ளிக்கிழமை ஆபரேஷன். நான் வழக்கம்போல, "என்கிட்ட ஏழு. உங்ககிட்ட எத்தனை?" என்றேன்.

"மூணு. ஆனா உன் மூஞ்சியப் பாத்தா கல்லுக்குப் பயந்த மூஞ்சி மாதிரி தெர்ல சார்."

பத்து மணிக்கு அவருடைய போன் கிணுகிணுத்தது. மடியிலிருந்து ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவை எடுத்தார். உள்ளே கறிவேப்பிலை. கறிவேப்பிலைக்கு அடியில் மாத்திரை. ஒன்றை எடுத்து விழுங்கிவிட்டு, மறுபடி இலையால் மூடினார். அந்த மாத்திரையின் நிறமும் வடிவமும் எனக்குத் தெரியும். தொழில்.

நான் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார். "தெரியுமா இது இன்னான்னு?"

"தெரியும்மா."

"பன்னெண்டு வர்சம். ஒரு நாள் தவறுல. டிபன் வேலை முடிஞ்சு பத்து மணிக்கு ஸ்டோர் ரூம்ல ஆள் இருக்க மாட்டாங்க, அதான் பத்து மணி. ஹாஸ்டல்ல தெரிஞ்சா அடுத்த நாளே அனுப்பிடுவாங்கோ. சமையல்ல வராது சார் இது, டாக்டருங்க சொல்றாங்க. அவுங்களுக்கு யாரு சொல்றது?" டப்பாவை மடியில் செருகினார். "உனக்கும் நேத்து திரைய மூடிப் பேசினாங்களா?"

தலையை ஆட்டினேன். வாழ்க்கையிலேயே நான் ஜோக் அடிக்காமல் தலையாட்டியது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

"எனக்குச் சொல்லும்போது திரை கூட இல்ல. வார்டே கேட்டுச்சு." அவர் சிரித்தார். "சாவ மாட்டே சார். என்னைப் பாரு. மூணு வேளையும் முன்னூறு பேருக்கு ஆக்கிப் போடறேன்."

எதையாவது பேச வேண்டுமே என்று நான் செய்யும் வேலையைச் சொன்னேன். பொட்டலம், பள்ளம், ஆறு மாதத்துக்கு ஓர் ஊசி. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஆறு மாசத்துக்கு ஒண்ணா? அப்ப டப்பா வாணாம்?"

"வேணாம். ஆனா எல்லாருக்கும் கைக்கு வந்து சேர நாளாகும். கிருமி பழகிட்டா அடுத்தது வேணும். அந்த அடுத்ததைத்தான் நாங்க..."

"எத்தினி வர்சமா செய்றே?"

"ஆறு."

"ஆறு வர்சமா இன்னா சார் பண்றே?" என்றார். கோபமில்லை. சாம்பார் இன்னும் கொதிக்கவில்லையா என்று கேட்கிற தொனி. எங்கள் கம்பெனிக் கூட்டங்களில் இதே கேள்வியை எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகக் கேட்டிருக்கிறார்கள். ஒரு தடவைகூட என் காது சூடானதில்லை.

அன்று மத்தியானம் பாபு இளநீரோடு பார்க்க வந்தான். சுமதி சாப்பிடப் போயிருந்தாள். அவன் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"அண்ணாத்தே, இன்னா சொல்றே நீ?"

"வெள்ளிக்கிழமை வரைக்கும் என்னால தாங்க முடியாது பாபு. நம்ம லேப்ல கிட் இருக்குல்ல?"

இந்த இடத்தில் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் மூலக்கூறுகளைப் போட்ட பிறகு, பொட்டலமாகச் சுருளாமல் மிச்சம் நிற்கும் புரதம் எவ்வளவு என்று அளக்க ஒரு கிட் வைத்திருக்கிறோம். அது பி இருபத்துநாலைத்தான் அளக்கும். ஓர் ஏரியில் சிட்டிகை உப்பைப் போட்டாலும் கண்டுபிடிக்கிற மாதிரி நுட்பமானது. நோயாளிகளைச் சோதிக்க வைத்ததல்ல. அது எனக்குத் தெரியும். பாபுவுக்கும் தெரியும். ஆனால் சைக்கிள் கடைக்காரனுக்கு நெஞ்சு வலித்தால் பம்பைத்தான் தேடுவான் போலிருக்கிறது.

மறுநாள் வியாழக்கிழமை காலை பாபு சாப்பாட்டு டப்பாவில் சிரிஞ்சோடு வந்தான். கேன்டீனுக்குப் பின்னால், தண்ணீர் டேங்க் மறைவில், எனக்கு ரத்தம் எடுத்தான். ஆஸ்பத்திரிக்குள்ளேயே திருட்டுத்தனமாக ரத்தம் கொடுத்த நோயாளி இந்தச் சுற்றுவட்டாரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

"மேனேஜரு பாக்காத நேரமா லஞ்சுல போட்டுடறேன். நீ ஒண்ணியும் யோசிக்காதே அண்ணாத்தே," என்று போனான்.

மூன்று மணிக்குப் போன் வந்தது.

"சொல்லுடா."

"ஏறிக்கினே போவுது அண்ணாத்தே. மிஷினு அளவு தாண்டி ஏறிக்கிச்சு." அவன் குரல் உடைந்தது. "ரெண்டு வாட்டி போட்டுப் பாத்துட்டேன்."

போனை வைத்தேன். ஜன்னலுக்கு வெளியே நெடுஞ்சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. பெங்களூர் வரைக்கும் போகிறவை. எல்லோருக்கும் போக ஓர் ஊர் இருந்தது. எங்கள் மகள் கோவையில் படிக்கிறாள். அவளுக்கு யார் சொல்வது, எப்படி என்று யோசித்தேன். பிறகு, முதலில் சொல்ல வேண்டியவள் நாற்காலியில் உட்கார்ந்து எனக்கு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். சுளையின் நாரைக்கூட விடாமல் எடுத்துக்கொண்டிருந்தாள்.

சொன்னேன். எல்லாவற்றையும். திரையை மூடியதிலிருந்து, டேங்க் மறைவு வரைக்கும்.

அவள் ஆரஞ்சைக் கீழே வைத்தாள். "என்னிக்குத் தெரியும் உங்களுக்கு?"

"செவ்வாய்க்கிழமை."

"இன்னிக்கு வியாழன்."

"ஆமா."

"பாபுவுக்குத் தெரியும். ஸ்கேன் ரூம் வாசல்ல யாரோ ஒரு அம்மாவுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது." குரலை உயர்த்தவே இல்லை. "ரெண்டு நாளா எண்ணெயில்லாம இட்லி ஊத்தி எடுத்துக்கிட்டு ஆவடி வீட்டுக்கும் இங்கேயும் பஸ்ல அலையறேன். உங்க மனசுல என்னை எங்கதாங்க வெச்சிருக்கீங்க?"

அடித்திருந்தால் தேவலை. அவள் எழுந்து முந்தானையைச் செருகிக்கொண்டு நேராக டாக்டரம்மாவின் அறைக்குப் போனாள். பத்து நிமிடம் கழித்து, முழங்கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு திரும்பி வந்தாள். "என்னுதும் எடுத்தாச்சு. சாயங்காலம் சொல்லுவாங்க," என்று உட்கார்ந்தாள். நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். எடுத்துக்கொண்டாள். ஆனால் ஆரஞ்சைத் திரும்ப எடுத்தாள்.

இரண்டு சுளை உரித்த பிறகு கேட்டாள். "அந்த பாபு போட்டுப் பாத்தானே, அதே மெஷின்ல வேற எதையாவது போட்டுப் பாத்தானா?"

"வேற எதை?"

"எதையாவது. எங்க யூனிட்ல ஒரு பீஸ் அளவு தப்புன்னு வந்தா உடனே ரிஜெக்ட் பண்ண மாட்டோம். முதல்ல டேப்பை ஸ்கேல் மேல வெச்சுப் பாப்போம். துணி டேப்பு, இழுத்து இழுத்து நீண்டிருக்கும். பீஸ் சரியா இருக்கும், டேப்புதான் தப்பா இருக்கும்."

என் உடம்பில் அந்த வாரம் முதல் முறையாக ரத்தம் ஓடுகிற மாதிரி இருந்தது.

ஹெச்.ஐ.வி. வேலை தொடங்குவதற்கு முன்பிருந்தே, இருபது வருடமாக எங்கள் லேபில் புதிதாகச் சேருகிற ஒவ்வொருவரையும் நான் ஒரே விஷயத்துக்காகத் திட்டியிருக்கிறேன். எந்தச் சோதனை செய்தாலும் சோதனைத் தட்டின் முதல் குழியில் வெறும் தண்ணீர் போடு. தண்ணீரில் ஒன்றும் வரக்கூடாது. தண்ணீரிலேயே வந்தால் மீதியெல்லாம் குப்பை. இதைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருப்பதும் நான்தான். மேனேஜருக்குப் பயந்து, எனக்காக அழுதுகொண்டே, பாபு அந்த ஒரு குழியை விட்டிருந்தால்?

போன் போட்டேன். "பாபு, தண்ணி போட்டியா?"

"அய்யய்யோ" என்ற ஒரு சத்தம். லைன் கட்டானது.

இரண்டரை மணி நேரம். அதற்குள் டாக்டரம்மா வந்து சுமதிக்கு நெகட்டிவ் என்று சொல்லிவிட்டுப் போனார். சுமதி தலையை மட்டும் ஆட்டினாள். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். என் முகத்தை யாரும் பார்க்க வேண்டாம் என்று இருந்தது.

போன் வந்தபோது ஸ்பீக்கரில் போட்டேன்.

"அண்ணாத்தே! தண்ணிக்கும் கீது!"

"என்னடா?"

"சுத்தத் தண்ணிக்கு அதே நம்பரு. கேன் தண்ணிக்கு அதே நம்பரு. மேனேஜரு டீ வெச்சுட்டுப் போயிருந்தாரு, அதையும் போட்டேன், அதுக்கும் கீது! பிப்பெட்டு, டப்பா, டேபிளு, எங்கன பாத்தாலும் நம்ம புரோட்டீனுதான். மாவு மில்லுல போயி மாவு கீதான்னு தேடியிருக்கேன் நைனா நானு!"

பாபு சிரித்துக்கொண்டே அழுதான். சுமதி முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. கேட்கிற தைரியமும் இல்லை. முந்தானைக்குள்ளிருந்தே, "டீக்குமா?" என்றாள்.

ஆனால் பாபுவின் சோதனை பொய் என்பதால் ஆஸ்பத்திரியின் சோதனை பொய்யாகிவிடாது. வாட்ச்மேன் நிறுத்தியது நிறுத்தியதுதான். செவ்வாய்க்கிழமை நின்ற இடத்தில்தான் மறுபடி நின்றுகொண்டிருந்தோம். ஒரே வித்தியாசம், இப்போது இரண்டு பேராக நின்றோம். அன்று அவள் வீட்டுக்குப் போகவில்லை. நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்து, கைப்பையைத் தலைக்கு வைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்கு டாக்டரம்மா கையில் தாளோடு வந்தார். இந்த முறை திரையை மூடினார், ஆனால் சுமதியை வெளியே அனுப்பவில்லை.

"கிருமியோட மரபுப் பொருள் ரத்தத்துல இல்லவே இல்ல. அதுதான் முக்கியம். பட்டை டெஸ்ட்ல ஒரே ஒரு பட்டை மட்டும் மங்கலா வந்திருக்கு. உண்மையான தொற்றுன்னா பல பட்டை வரும். ஒத்தைப் பட்டையை வெச்சு ஆமான்னும் சொல்ல மாட்டோம், இல்லைன்னும் சொல்ல மாட்டோம். ஆறு வாரம் கழிச்சு ரெண்டையும் திருப்பி எடுத்து முடிப்போம்."

"எந்தப் பட்டை டாக்டர்?" என்றேன்.

அவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றினார். "உங்க பட்டைதான். பி இருபத்துநாலு."

இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்தப் புரதம் நிரம்பிய ஊசி ஒன்று என் கையுறையைத் தாண்டிக் குத்தியது நினைவுக்கு வந்தது. சொன்னேன். அதனால் என் உடம்பு அந்தப் புரதத்துக்கு மட்டும் ஆன்டிபாடி செய்து வைத்திருக்குமா?

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். லேப் பக்கமே போகாதவங்களுக்கும் இந்த ஒத்தைப் பட்டை வரும். காரணம் தெரியாது. தெரியாததைத் தெரியும்னு நான் சொல்ல மாட்டேன்," என்றார். நாற்பத்தாறு மூலக்கூறுகளில் தோற்றவனுக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது.

பத்து மணிக்கு மயக்க ஊசி. நான் ஜோக் எதுவும் சொல்லவில்லை. மயக்கம் வருவதற்கு முன் எங்கோ ஒரு போன் கிணுகிணுத்த மாதிரி இருந்தது.

ஆறு வாரம் என்பது நாற்பத்திரண்டு நாள். நான் எண்ணினேன். எண்ணெயில்லாத சாப்பாடு, சாயங்காலம் திருமுல்லைவாயில் ஏரிக்கரை வரைக்கும் நடை. சுமதி கூடவே வந்தாள். அந்த இரண்டு நாளைப் பற்றி அவள் ஒரு தடவைதான் பேசினாள். "இனிமே எது வந்தாலும் முதல் குழி எனக்கு," என்றாள். சரி என்றேன்.

ஆறாவது வாரம் இரண்டாவது முறை ரத்தம் எடுத்து, முடிவுக்காகவும் தழும்பு பார்க்கவும் ஒரே நாளில் வரச் சொன்னார்கள். டாக்டரம்மா தாளைப் பார்த்தார். நான் அவர் புருவத்தைப் பார்த்தேன். சுமதி என் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அது தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

"கிருமி இல்ல. அந்த ஒத்தைப் பட்டை அப்படியேதான் இருக்கு, கூடவும் இல்ல, குறையவும் இல்ல. கிருமி இருந்திருந்தா இத்தனை நாள்ல மத்த பட்டையும் வந்திருக்கும். உங்களுக்கு ஹெச்.ஐ.வி. இல்ல. முடிஞ்சுது."

நான் மூச்சை விடுவதற்குள் சுமதி கேட்டாள். "டாக்டர், வெறும் தண்ணியைப் போட்டுப் பாத்தீங்களா?"

டாக்டரம்மா ஒரு நிமிடம் விழித்தார். பிறகு, "ஒவ்வொரு தடவையும் போடுவாங்கம்மா," என்றார். அப்புறம்தான் சுமதி நாற்காலியில் சாய்ந்தாள். அப்புறம்தான் என் கையைப் பிடித்தாள். வலிக்கிற அளவுக்குப் பிடித்தாள்.

வெளியே அதே பெஞ்சில் மல்லிகா உட்கார்ந்திருந்தார். அவருக்கும் அன்றுதான் தழும்பு பார்க்கிற நாள். என்னைக் கண்டதும் புருவத்தை உயர்த்தினார். நான் இல்லை என்று தலையாட்டினேன். ஆட்டும்போதே கூச்சமாக இருந்தது. அவர் முகம் மலர்ந்தது. கொஞ்சமும் குறையாமல் மலர்ந்தது.

"நல்லாரு சார். அக்கா, நீயும் நல்லாரு," என்று சுமதியின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார்.

பத்து மணி. போன் கிணுகிணுத்தது. மடியிலிருந்து எவர்சில்வர் டப்பா வெளியே வந்தது. சுமதி தன் பையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். மல்லிகா மாத்திரையை விழுங்கி, இலையால் மூடி, டப்பாவை மடியில் செருகினார். நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா சார், இன்னிக்கு லீவா?"

"ஆமாம்மா. ரிசல்ட் வாங்கணுமேன்னு..."

"அதான் வாங்கிட்டியே. போ சார், போய் வேலையப் பாரு."

போனேன். பன்னிரண்டு மணிக்கு லேபில் இருந்தேன். இதற்குள் நாற்பத்தேழாவதும் ஊத்திக்கொண்டிருந்தது. நாற்பத்தெட்டாவதை எடுத்து, முதல் குழியில் தண்ணீர் ஊற்றினேன்.